கர்னல் சாபின் கோட்டு

நம் பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் ஒருத்தி கிளப்பிவிட்டாள், அவரவர் வீட்டில் இருக்கும் ஆகப் பழைய பொருளைப் படம் எடுத்துப் போட வேண்டும் என்று. வேலை வெட்டி இல்லாத கூட்டம்தானே நாம். ரெண்டு நாளைக்கு ஒரே பித்தளையாக வந்து விழுந்தது. கூஜா, வெற்றிலைச் செல்லம், மாமனார் கட்டிய கைக்கடிகாரம், கால் உடைந்த தையல் மிஷின். ஒருத்தி தன் வீட்டுக்காரரையே படம் எடுத்துப் போட்டாள். நான் மட்டும் வாய் திறக்கவில்லை. "உங்க வீட்ல ஒண்ணுமே மிஞ்சலையாட்டி?" என்று கேட்டீர்கள்.

எங்கள் வீட்டில் இருந்த ஆகப் பழைய பொருள் எங்களுடையது இல்லை. அதை வைத்திருந்த வரைக்கும் ஒரு நாள்கூட எங்களுடையது என்று நினைத்ததும் இல்லை. படம் இல்லாததால் எழுதிக் காட்டுகிறேன். படம் பார்க்கிற நேரத்தைவிடக் கொஞ்சம் கூடத்தான் ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் பாதிப் பேருக்கு இப்போது முட்டிவலி, எங்கேயும் ஓடப் போவதில்லை.

எங்கள் அத்தாவை, என்னைப் பெற்றவரை, உங்களுக்கு நினைவிருக்கும். ராஜபாளையத்தில் மில் கேட்டில் காக்கிச் சட்டையும் தொப்பியுமாக நின்ற வாட்ச்மேன். ஊர் அவரை மிலிட்டரி பாய் என்றது. பட்டாளத்தில் துப்பாக்கி பிடித்துச் சண்டை போட்டவர் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவர் ஆர்டர்லி. ஒரு கர்னலுக்குக் காலையில் வெந்நீர் போட்டு, பூட்ஸ் துடைத்து, கோட்டு மாட்டிவிடுகிற வேலை. அதை மறைக்கவும் மாட்டார். "சண்டைய எவன் வேணாலும் போடலாம். சாபுக்குக் கோட்டு மாட்டிவிட நான் ஒருத்தன்தான் இருந்தேன்" என்பார்.

அந்தக் கர்னலின் பேரும் ஊரும் இங்கே வேண்டாம். நம் பாஷைக்காரர் இல்லை. வடக்கே பனிமலையில் நடந்த சண்டையில் ஆட்களை முன்னால் அனுப்பிவிட்டுத் தான் பின்னால் நிற்கத் தெரியாதவர். அதனாலேயே போய்விட்டார். இடது விலாவில் ஒரே குண்டு, கோட்டைத் துளைத்துக்கொண்டு போனது. அவர் சாமான்களை ஒரு கறுப்புத் தகரப் பெட்டியில் அடுக்கி, ரயிலேறி, அவரைப் பெற்ற அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தவர் எங்கள் அத்தா. அந்த அம்மா பெட்டியைத் திறந்து கோட்டை மடியில் போட்டுக்கொண்டு, துளைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார்களாம். அழவில்லையாம். திரும்ப மடித்து வைத்து, மூடியை அமுக்கி, பெட்டியை அத்தாவின் பக்கம் தள்ளினார்களாம். இது என் கண் முன்னால் இருக்க வேண்டாம், நீயே கொண்டு போ என்று கையாலேயே சொன்னார்களாம். அப்படி எங்கள் வீட்டுக் கட்டிலுக்கடியில் வந்து சேர்ந்தது அந்தப் பெட்டி.

வாராந்திர லீவு நாளில் அத்தா பெட்டியைத் திறப்பார். அந்துருண்டை வாசனையும் பூட்ஸ் பாலிஷ் வாசனையும் கலந்து வீட்டை நிறைக்கும். கோரைப்பாயை விரித்து ஒவ்வொன்றாக வைப்பார். விளிம்பில் நீலக்கோடு போட்ட எனாமல் குவளை, சவரக் கத்தி, சவர பிரஷ், விசில், தோல் கையுறை, பூட்ஸ், கடைசியில் கோட்டு. இந்த வரிசை மாறவே மாறாது. கத்தியின் கைப்பிடி வலது பக்கம்தான் இருக்க வேண்டும், பூட்ஸின் மூக்கு வாசலைப் பார்க்க வேண்டும். பிறகு துடைப்பு. பூட்ஸில் இருந்த மலைச் சேற்றை முதல் வாரமே கழுவிவிட்டாராம். குவளையை நம் வீட்டுப் பாத்திரத்தைவிடப் பத்து மடங்கு தேய்ப்பார். பூட்ஸை நான் பிரஷ் போட்டால், முகம் தெரியும்வரை விடமாட்டார். தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, "என்ன பாய், கர்னலுக்கு இன்னைக்கு எண்ணெய்க் குளியலா?" என்பார்கள். அத்தா சிரித்துக்கொண்டே, "ஆமா, அவிய குளிச்சு முடிச்சதும் உம்மையும் குளிப்பாட்டுதேன், வாரும்" என்பார்.

அம்மாவுக்குத்தான் அந்தப் பெட்டி மேல் எரிச்சல். ஒற்றை அறையும் ஒரு அடுப்படியும்தான் வீடு. "அரிசி மூட்ட வைக்க எடம் இல்ல, செத்த மனுசனுக்கு மட்டும் இம்புட்டு எடம்" என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது முணுமுணுப்பாள். அவளுக்கு அந்தச் சாமான்கள் மேல் ஒட்டுதலே இல்லை என்றுதான் நான் அன்றைக்கு நினைத்தேன். அம்மாக்கள் முணுமுணுப்பதற்கும் நினைப்பதற்கும் எவ்வளவு தூரம் என்று தெரிய நமக்கே பிள்ளைகள் பிறக்க வேண்டியிருந்தது.

ஒரு நாள் அத்தா வேலைக்குப் போயிருந்தபோது பெட்டியைத் திறந்து விசிலை எடுத்து ஊதினேன். சும்மா இல்லை, உயிரைக் கொடுத்து ஊதினேன். எதிர்வீட்டு வெள்ளை நாய் குரைக்க ஆரம்பித்து நிறுத்தவேயில்லை. அந்த நேரம் பார்த்து அத்தா ஷிப்டு முடிந்து தெருமுனையில் வந்துகொண்டிருந்தார். அடி நிச்சயம் என்று அடுப்படிக்குள் ஓடி ஒளிந்தேன். அவர் அடிக்கவில்லை. சைக்கிளைச் சுவரில் சாய்க்கக்கூட இல்லை, பிடித்துக்கொண்டே வாசலில் நின்றார். "எங்க ஊதுச்சு?" என்று மட்டும் கேட்டார். அந்தச் சத்தம் கடைசியாக அவர் காதில் எப்போது கேட்டிருக்கும் என்று யோசிக்கிற வயசு இல்லை எனக்கு. இன்றைக்கு நினைத்தால் என் கன்னத்தில் நானே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

எனக்கு ஒன்பது வயதில் அந்தக் கடிதம் வந்தது. இங்கிலீஷில் இருந்ததால் போஸ்ட் மாஸ்டர்தான் படித்துச் சொன்னார். கர்னலின் அம்மா காலமாகிவிட்டார்கள். போவதற்கு முன்னால், பிள்ளையின் சாமான்கள் ஆர்டர்லியிடம் இருக்கின்றன என்று ரெஜிமென்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறார்கள். ரெஜிமென்ட்டில் மியூசியம் கட்டியிருக்கிறார்கள். தளபதிகளின் உடைமைகளை எல்லாம் சேர்க்கிறார்கள். இந்தத் தேதியில் ஒரு கேப்டன் வந்து பார்த்து, சரியாக இருந்தால் எடுத்துக்கொண்டு போவார். கடிதத்தோடு ஒரு பட்டியலும் இருந்தது. குவளை ஒன்று, பூட்ஸ் ஒரு ஜோடி, கோட்டு ஒன்று என்று எல்லாம் வரிசையாக.

அத்தாவைப் பிடிக்க முடியவில்லை. கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊர் முழுக்கச் சொன்னார். மில்லில் சொன்னார், பள்ளிவாசலில் சொன்னார், சலூனில் சொன்னார். எண்ணெய்க் குளியலா என்று கேட்டவர்களையெல்லாம் தேடித் தேடிப் போய்ச் சொன்னார். கேப்டன் வருகிற நாள் நோன்பு மாதத்தில் விழுந்தது. அதுவும் நல்லதற்குத்தான், பரக்கத்தான மாதம், எல்லாம் பெருகும் என்றார்.

ஆனால் கோட்டை விரித்துப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. இத்தனை வருஷத்தில் எல்லாவற்றையும் கழுவி, துடைத்து, பளபளப்பாக்கியவர், அந்தத் துளையை மட்டும் தொட்டதே இல்லை. உள்பக்கமாக ஒரு ஊக்கு குத்தி வைத்திருந்தார், அவ்வளவுதான்.

"இத அடைச்சுரு" என்று அம்மாவிடம் சொன்னார். "தெரியவே கூடாது. ஆபீசர் வாரப்ப சாபை ஓட்டைக் கோட்டோட நிறுத்தவா?"

"யாரு நிக்கப் போறா? கோட்டுதான நிக்கும்?"

"கோட்டு நின்னா அவிய நின்ன மாதிரிதான்."

அம்மாவிடம் சொன்னதற்குக் காரணம் இருந்தது. செட்டியார்பட்டிப் பக்கத்துத் தறிகளிலிருந்து இறங்குகிற துணியில் இழை விட்டுப்போன இடங்களை ஊசியால் கோத்துச் சரிசெய்து கொடுக்கிற வேலை அவளுக்கு. வீட்டில் வைத்தே செய்வாள். அவள் கைபட்ட இடத்தைத் தறிக்காரரே தேடிக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் இதற்கு நூல் வேண்டும், கம்பளி நூல், அதே நிறத்தில். கோட்டின் உள் ஓரத்திலிருந்து ரெண்டு இழை உருவிக்கொள்கிறேன் என்றாள். சாப் கோட்டில் ஒரு இழையை உருவினாலும் அது திருட்டு என்றார் அத்தா. சரி, கோட்டைக் கொண்டுபோய்க் கடையில் நிறம் பார்க்கிறேன் என்றாள். கோட்டு வாசல் தாண்டாது என்றார். அம்மா தலையில் அடித்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். மருதாணிச் செடிக்கடியில் காய்ந்து கிடந்த இலைகளைப் பொறுக்கி வந்து கோட்டின் மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். பச்சையும் இல்லாமல் பழுப்பும் இல்லாமல் ஒரு இலை அப்படியே கோட்டோடு ஒட்டிப் போனது. அதை முந்தானையில் முடிந்துகொண்டு, "வா, ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ட்டு வருவோம்" என்று என்னைக் கூப்பிட்டாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிக்குப் பக்கத்தில் மாமு கடை வைத்திருந்தார், அம்மாவின் தம்பி. கம்பளி, குடை, மழைக்கோட்டு விற்பார். அந்த வருஷம்தான் நான் முதன்முதலாக நோன்பு பிடிக்க ஆரம்பித்திருந்தேன். அன்றைக்கு எனக்கு மூன்றாவது நோன்பு. பஸ் இறங்கியதிலிருந்து தெருவெல்லாம் பால்கோவா அடுப்பு. வாணலியில் பால் சுண்டுகிற வாசனை ஒரு கடை முடிந்தால் அடுத்த கடையில் தொடங்கிவிடும். அதற்கு நடுவில் நோன்பு வைத்த பிள்ளையை நடத்திக் கூட்டிப்போவது மாதிரி ஒரு கொடுமை உலகத்தில் இல்லை. "மூக்கப் பொத்திக்கோ" என்றாள் அம்மா, தன் மூக்கைப் பொத்தாமலே.

மாமு கடையில் அம்மா முடிச்சை அவிழ்த்து அந்த இலையைக் கல்லா மேல் வைத்தாள்.

"இந்த நிறத்துல நூல் வேணும்டா."

மாமு இலையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "மச்சானுக்குத்தான் கிறுக்குன்னு நெனச்சேன். ஒனக்குமாக்கா?"

"கிறுக்குதான். பேசாம எடுத்துப் போடு."

போட்டார். எத்தனை கம்பளி என்று கணக்கில்லை. அம்மா ஒவ்வொன்றையும் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் இலையை வைத்துப் பார்த்து, வேண்டாம் வேண்டாம் என்று தள்ளிக்கொண்டே இருந்தாள். கடைசியில் மாமு பரணிலிருந்து பூச்சி அரித்த பட்டாளத்துக் கம்பளி ஒன்றை இழுத்துப் போட்டார். மூலை கிழிந்து, விற்காமல் கிடந்தது. அம்மா இலையை வைத்தாள். இலை காணாமல் போன மாதிரி இருந்தது. "ரெண்டு சாண் வெட்டித் தா, போதும்" என்றாள்.

நோன்பு திறக்க என்று மாமு ஒரு பொட்டலம் பால்கோவா கொடுத்தார். அதை என் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பஸ் குலுங்கியதில் பொட்டலத்தின் ஓரம் கசிந்து என் விரலில் ஒட்டியது. விரலை எங்கே துடைத்தேன் என்பது இத்தனை வருஷம் அல்லாவுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம். இப்போது உங்களுக்கும் தெரியும், குழுவில் போட்டுப் பரப்பாதீர்கள்.

அந்தப் பாவத்துக்குக் கூலி அன்று ராத்திரியே கிடைத்தது. "நாளையிலருந்து ஒனக்கு நோன்பு வேண்டாம்" என்றாள் அம்மா. நான் ஆர்ப்பாட்டம் பண்ணினேன். பக்கத்துத் தெருப் பிள்ளைகள் எல்லாம் எத்தனை என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள், எனக்கு மூன்றோடு நிற்பதா? காரணம் ரொம்பச் சின்னது. கம்பளி நூலைப் பிரித்து ஒற்றை இழையாக ஊசியில் கோக்க வேண்டும். நுனியை எச்சில் தொட்டுத் திரித்தால்தான் காதில் நுழையும். நோன்பு வாயில் நூலை வைக்க மாட்டாள் அவள். "நீ சின்னப் புள்ள, ஒனக்குக் கடமையில்ல. நூலு கோத்துக் குடு, அதுவும் நன்மைதான்" என்றாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, நாலு நாள், மத்தியானத் தொழுகை முடிந்ததிலிருந்து வெளிச்சம் இருக்கும் வரை ஜன்னலோரம் உட்கார்ந்து நூல் கோத்தேன்.

அவள் தைத்தாள் என்று சொல்வது சரியில்லை, நெய்தாள். உள்துணியின் ஓரத்தைப் பிரித்து, துளையைச் சுற்றி நைந்திருந்த இழைகளை ஒழுங்கு பண்ணி, முதலில் நெடுக்கே பாவு ஓட்டினாள். பிறகு குறுக்கே ஊடை, மேலே ஒன்று கீழே ஒன்று. எத்தனை ஊசி கோத்தேனோ தெரியாது. நூலின் பூச்சி மருந்துக் கசப்பு நாக்கிலேயே தங்கிவிட்டது. துளை சுண்டுவிரல் அளவிலிருந்து மிளகளவு ஆனது, பிறகு ஊசிமுனை, பிறகு இல்லை. ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியால் ஒத்தி, அத்தாவின் பழைய பல்துலக்கும் பிரஷால் ரோமத்தைக் கிளப்பிவிட்டாள். நெய்கிற நேரம் முழுக்க அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. தனக்காக ஓதுகிறாள் என்று நினைத்தேன்.

"அவியளுக்கு வலிச்சிருக்குமாம்மா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"நூலக் கோரு" என்றாள்.

அத்தா வந்து கோட்டைப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்த்தார். "எங்க புள்ள இருந்துச்சு அது?" என்றார். அவருக்கே இடம் தெரியவில்லை. அம்மா முகத்தில் அப்படியொரு சிரிப்பை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

கேப்டன் ஒரு சாயங்காலம் ஜீப்பில் வந்தார், அஸர் தொழுகைக்குப் பிறகு. எதிர்வீட்டுத் தெலுங்கம்மா "ரண்டி, ரண்டி" என்று வரவேற்றபடி தன் வீட்டு நாற்காலியைத் தூக்கி வந்து எங்கள் வாசலில் போட்டார்கள். வெள்ளை நாய் ஜீப்பைச் சுற்றிச் சுற்றிக் குரைத்தது. தெருவே கூடிவிட்டது. மீசை சரியாக முளைக்காத ஆபீசர், தமிழ்க்காரர்தான், வேறு ஜில்லா. நோன்பு வீடு என்று தெரிந்ததும் தண்ணீர்கூட வேண்டாம் என்றுவிட்டார். அத்தா தரை அதிர ஒரு சல்யூட் வைத்துவிட்டுப் பாயை விரித்தார். குவளை, கத்தி, பிரஷ், விசில், கையுறை, பூட்ஸ். கேப்டன் பட்டியலில் டிக் போட்டுக்கொண்டே வந்தார். ஒவ்வொரு டிக்குக்கும் அத்தாவின் நெஞ்சு ஒரு அங்குலம் உயர்ந்தது.

"எல்லாம் புதுசு மாதிரி இருக்கே" என்றார் கேப்டன். அது பாராட்டு இல்லை என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

கடைசியில் கோட்டு. கேப்டன் வாங்கி இடது பக்கத்தைப் பார்த்தார். வலது பக்கத்தைப் பார்த்தார். பட்டியலைப் பார்த்தார். மறுபடி இடது பக்கம்.

"ஐயா, இது கர்னல் போட்டிருந்த கோட்டுதானா?"

"அதே கோட்டுதான் சாப்."

"இடது விலாவுல குண்டுத் துளை இருக்கணும். எங்க ரெக்கார்டுல இருக்கு. இதுல ஒரு கீறல்கூட இல்லையே."

"இருந்துச்சு சாப். தச்சாச்சு."

கேப்டன் விரலால் தடவித் தடவிப் பார்த்தார். "தச்ச இடமே இல்லையே ஐயா" என்றார். குரலில் மரியாதை இருந்தது, நம்பிக்கை இல்லை. கூட்டத்தில் யாரோ, "மிலிட்டரி வேற கோட்டக் காட்டுதாரோ?" என்று சொன்னது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. அத்தாவின் முகம் அப்படி வெளிறி நான் பார்த்ததில்லை. அத்தனை வருஷம் பூட்டிக் காத்ததெல்லாம் பொய்யென்று ஊர் முன்னால் ஆகப் போகிறது. அவர் உள்ளே திரும்பி, "பிரிச்சுக் காட்டிரு" என்றார்.

அம்மா கதவு மறைவில் நின்றிருந்தாள். வேற்று ஆண் முன்னால் வந்து பேசுகிறவளே இல்லை. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, பிளேடோடு வாசலுக்கு வந்தாள். கோட்டை வாங்கி உள்பக்கம் திருப்பி, உள்துணியின் ஓரத்தை மட்டும் நாலு விரற்கடை பிரித்து, கேப்டனிடம் நீட்டினாள். பின்பக்கத்தில் பாவும் ஊடையும் முடிந்த நுனிகள் வட்டமாகத் தெரிந்தன. கேப்டன் வெளிப்பக்கத்தையும் உள்பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு எழுந்து நின்றுவிட்டார்.

"மன்னிச்சிருங்க ஐயா. இதே கோட்டுதான்" என்றார், தெருவுக்கும் கேட்கும்படி. அத்தாவுக்கு மூச்சு வந்தது. ஆனால் அதோடு முடியவில்லை. "ஒரு சின்ன விஷயம்மா. மியூசியத்துக்கு வர்றவங்க அந்தத் துளையைப் பார்க்கத்தான் வருவாங்க. அது இல்லேன்னா இது சாதாரண கோட்டு. மேல இருக்கிறவங்க வேண்டாம்னு சொல்லிருவாங்க. இதைக் கொஞ்சம் பிரிச்சுக் கொடுத்திங்கன்னா…"

"பிரி" என்றார் அத்தா மறுபடி. ஆபீசர் சொன்னால் ஆர்டர்லிக்கு அது ஆர்டர்.

அம்மா பிளேடை முந்தானையில் வைத்து முடிந்தாள்.

"பிரிக்க மாட்டேன்" என்றாள். சத்தமாக இல்லை, ஆனால் நாய்கூட அந்த நேரம் குரைக்கவில்லை. "தம்பி, அவிய அம்மா இந்த ஓட்டையில வெரல விட்டுப் பாத்துட்டுத்தான், இது என் கண்ணுல படக் கூடாதுன்னு இவுக கையில குடுத்து விட்டாக. பெத்தவ பாக்க மாட்டேன்னத ஊருக்குக் காட்டச் சொல்லுதியளா? அந்தப் புள்ள எம்புட்டு நல்லாக் கோட்டு போட்டு நின்னாகன்னு காட்டுங்க. செத்தத மட்டும் என்னத்துக்குக் காட்டணும்?"

கேப்டன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "நான் எடுத்துட்டுப் போறேம்மா. நீங்க சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். ஆனா முடிவு என் கையில இல்ல. வாக்குக் கொடுக்க முடியாது" என்றார்.

"எடுத்துட்டுப் போங்க. பிரிக்கதா இருந்தா, ஒங்களப் பெத்தவகளப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டுப் பிரிங்க" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய்விட்டாள்.

பள்ளிவாசலில் நோன்பு திறக்கப் பாங்கு சொன்னார்கள். கேப்டன் எங்களோடு உட்கார்ந்து நோன்புக் கஞ்சி குடித்தார், ஒரு வடை தின்றார். அத்தா சாமான்களைப் பெட்டியில் அடுக்கி, கோட்டை மேலே மடித்து வைத்து, ஜீப்பில் ஏற்றும்வரை யார் கையிலும் கொடுக்கவில்லை. ஜீப் போன பிறகு கட்டிலுக்கடியில் இருந்த வெற்றுத் தரையைப் பார்க்க முடியாமல் வெளியே போய்விட்டார்.

எனக்கு அம்மா மேல் அடங்காத கோபம். அத்தாவின் நாளை இவள் கெடுத்துவிட்டாள், கோட்டைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று ரெண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மில் கேட்டில் அத்தா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். "நம்ம சாபோட கோட்ட எங்க வீட்ல தச்சா பாருங்க, ஆபீசரே எந்திரிச்சு நின்னுட்டாரு" என்றார். அதுவரை அவருக்கு என் சாப்தான். நம்ம சாப் என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சொன்னார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

ரெஜிமென்ட்டிலிருந்து பிறகு ஒரு கடிதம் வந்தது. சாமான்கள் வந்து சேர்ந்தன, நன்றி. கோட்டைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை இல்லை. அத்தா அதை மடித்து வைத்தபடியே போய்ச் சேர்ந்தார். அம்மா அதற்குப் பிறகும் வெகு நாள் இருந்தாள். எப்போதாவது பேச்சு வந்தால், "பிரிச்சிருப்பாக" என்பாள். மியூசியம் ராணுவ இடத்துக்குள் இருந்தது, சும்மா போய்ப் பார்க்க முடியாது என்று நான் சொல்லிக்கொண்டேன். பிறகு பொதுமக்களுக்கும் திறந்துவிட்டார்கள் என்று தெரிந்த பின்னும் கூட்டிப் போகவில்லை. உண்மையைச் சொன்னால் பயம். பிரித்திருந்தால் அந்த இடத்தில் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது? அந்தப் பயத்தில் என் அம்மாவுக்குச் சேர வேண்டிய ஒன்றை நான் சேர்க்காமல் விட்டுவிட்டேன். இதை உங்களிடம் தவிர வேறு யாரிடமும் சொன்னதில்லை.

போன வருஷம் மகனும் மருமகளும் மலைக்குக் கூட்டிப் போனார்கள். ரெஜிமென்ட் அந்த ஊரில்தான். நானே கேட்டு மியூசியத்துக்குப் போனேன். நீள மண்டபம். ஒரு தளபதியின் மூக்குக்கண்ணாடி, ஒருவர் எழுதிய பேனா, இன்னொருவரின் கைத்தடி. மண்டபத்தின் கோடியில், ஆளுயரக் கண்ணாடிக்குள், கோட்டு நின்றுகொண்டிருந்தது. உள்ளே ஆள் இருப்பது போலவே நிறுத்தியிருந்தார்கள். கண்ணில் நீர் மறைத்ததில் எனக்கு நிறம் மட்டும்தான் தெரிந்தது. கிட்டப் போகத் தைரியம் வரவில்லை.

அங்கே காவலுக்கு நின்ற சிப்பாய்க்கு இருபது வயது இருக்கும். எனக்கு முன்னால் நின்ற ஒரு குடும்பத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். "இந்தக் கோட்டுலதான் சார் குண்டு பாய்ஞ்சுது. துளை எங்க இருக்குன்னு கண்டுபிடிங்க பாப்போம். ரெக்ரூட் ஆகி வர்ற ஒவ்வொரு பேட்சையும் இங்க நிறுத்தி இதைத்தான் கேப்பாங்க. என்னையும் கேட்டாங்க. இதுவரைக்கும் ஒருத்தர்கூடச் சரியாச் சொன்னதில்ல. இத்தனை வருசமா, பிரிக்கக் கூடாதுன்னு ஆர்டர் போட்டு வச்சிருக்காங்க."

அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்து இங்கே, அங்கே என்று காட்டின. அப்பாக்காரர் காலர் பக்கம் காட்டினார். சிப்பாய் சிரித்துக்கொண்டே தலையாட்டினான். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன். மூன்றாவது பொத்தானிலிருந்து கோட்டின் இடது பக்கமாக ஒரு சாண் அளந்து, கண்ணாடி மேல் சுண்டுவிரலை வைத்தேன்.

கண்ணாடியைத் தொடாதீங்கம்மா என்று சொல்ல வாயெடுத்தவன், விரல் நின்ற இடத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். "எப்படிம்மா ஒங்களுக்குத் தெரியும்?" என்றான்.

"நூல் கோத்துக் குடுத்தது நான். தச்சது எங்க அம்மா" என்றேன், அந்த மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படியாக.